நாலு காலில் பத்து விநாடி

உலகத்தில் பொய் சொல்லத் தெரியாதவை மூன்று: தராசு, தூக்குக் கயிறு, நான். இதைத் தற்பெருமையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். தகவலாக எடுத்துக்கொண்டால் போதும். தராசை ஏமாற்றிய வியாபாரிகள் உண்டு. கயிறு அறுந்து பிழைத்தவர்களும் உண்டு. மூன்றாவதன் மேல் இதுவரை ஒரு புகாரும் வரவில்லை.

இப்படிப்பட்ட திறமைக்குத் தகுந்த பதவி எங்கும் காலியாக இல்லாததால், நாய்களுக்காக என் அக்கா நடத்தும் பிசியோதெரபி நிலையத்தில் சனிக்கிழமைதோறும் ஸ்டாப்வாட்ச் பிடித்துக்கொண்டிருந்தேன். மற்ற நாட்களில் கல்லூரி. அங்கே யாரும் என் நேர்மையைக் கேட்கவில்லை. வருகைப்பதிவை மட்டும் கேட்டார்கள்.

நிலையம் என்றதும் பெரிதாக எதையும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். நாங்கள் குடியிருக்கும் அடுக்குமாடிக் கட்டடத்தின் தரைத்தளத்தில் இரண்டு அறை, அவ்வளவுதான். அதற்கு முன் அங்கே குளியலறைச் சாமான் விற்றார்கள். ஆகவே தரை முழுக்க முகம் பார்த்துத் தலை வாரலாம் என்கிற அளவுக்குப் பளபளக்கும் டைல்ஸ். உள் அறையில் ஒரு கண்ணாடித் தொட்டி, அதன் அடியில் டிரெட்மில்போல ஓடும் பட்டை. நாயை உள்ளே விட்டு இடுப்பளவு தண்ணீர் நிரப்பினால், உடம்பின் கனத்தைத் தண்ணீர் வாங்கிக்கொள்ளும். மறந்துபோன நடையைக் கால் மெல்ல ஞாபகப்படுத்திக்கொள்ளும். அக்கா ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு தொட்டிக்குள் குனிந்து, பின்னங்கால்களை ஒவ்வொன்றாக எடுத்து எடுத்து வைப்பாள். நாள் முழுக்க. மாலையில் அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வெளியே வரும்போது, அடுத்த நோயாளி அவள்தானோ என்று தோன்றும்.

முன் அறை என் ராஜ்ஜியம். அங்கே சனிக்கிழமைதோறும் நடப்பது நிற்கும் சோதனை. நாயை நாலு காலிலும் சதுரமாக நிறுத்தி, கையை எடுத்துவிட வேண்டும். பின்பக்கம் உட்காரும்வரை எத்தனை விநாடி என்று நான் எண்ணுவேன். மூன்று வாய்ப்பு. ஆறாவது வாரத்தில் பத்து விநாடி நின்றால் சிகிச்சை தொடரும். நிற்காவிட்டால் அக்கா ‘முன்னேற்றம் இல்லை’ என்று டாக்டருக்கு எழுதுவாள். டாக்டரிடம் அதற்கு மேல் ஒரே ஒரு வைத்தியம்தான் உண்டு. அது எல்லா நாய்க்கும் பலித்திருக்கிறது. ஒரு நாய்கூடத் திரும்பி வந்து குறை சொன்னதில்லை.

வளர்ப்பவர்கள் எல்லோரும் திருடர்கள். இதை நான் இரண்டாவது சனிக்கிழமையே கண்டுபிடித்துவிட்டேன். கையை எடுங்கள் என்றால் எடுப்பார்கள்; ஆனால் இரண்டு விரல் மட்டும் வயிற்றுக்கடியில் தங்கிவிடும். வங்கி அதிகாரி செய்தார். கராத்தே மாஸ்டர் செய்தார். தினமும் காலையில் ஒரு மணி நேரம் தியானம் செய்கிற ஒருவர் கண்ணை மூடிக்கொண்டே செய்தார். ரிட்டையர் ஆன டீச்சர் ஒருவர் மட்டும், நாற்பது வருஷம் காப்பியடித்தவர்களைப் பிடித்த அனுபவத்தால், முந்தானையால் மறைத்துச் செய்தார். அவருடையது பட்டாணி என்கிற பக் நாய்.

“டீச்சர், கை.”

“எந்தக் கைப்பா?”

“பட்டாணிக்கு அஞ்சாவது காலும் ஆறாவது காலும் முளைச்சிருக்கே, அந்தக் கை.”

“சும்மா தொட்டுட்டுதான் இருக்கேன். ஒரு தைரியத்துக்கு.”

“யாருக்கு?”

டீச்சர் கையை எடுத்தார். பட்டாணி மூன்று விநாடியில் தரையோடு தரையானான். நான் சிவப்பு மையில் மூன்று என்று எழுதினேன்.

“நீ நல்லா இருப்பியா?” என்றார்.

“நல்லாத்தான் இருக்கேன் டீச்சர். ரெண்டு கால்லயே நிக்கறேன், பாருங்க.”

அன்றிலிருந்து அக்கா எனக்கு வைத்த பெயர் நீதிபதி. கேலியாகத்தான் வைத்தாள். நான் பட்டமாக எடுத்துக்கொண்டேன்.

கையைச் சுத்தமாக எடுத்தவர் ஒரே ஒருவர்தான்: மூன்றாவது தெருவில் கடை வைத்திருந்த தையல்காரர். அவருடைய நாய்க்குப் பொத்தான் என்று பெயர். மாடிப்படியில் உருண்டு முதுகுத்தண்டில் அடி. ஆறாவது வாரச் சோதனையன்று பொத்தானை நிறுத்திவிட்டு, போலீஸ் துப்பாக்கியை நீட்டியதுபோல் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டார். பொத்தான் நின்றது. பிறகு பின்னங்கால் இரண்டும் ஆளுக்கொரு திசையில் மெதுவாக விலகிப் போயின, பாகப்பிரிவினை முடிந்த அண்ணன் தம்பிபோல. வயிறு தரையைத் தொட்டது. நாலு. அடுத்தது மூன்று. அதற்கடுத்தது நாலு.

“தம்பி, இன்னொரு தடவை பாத்துடலாமா?”

“பாக்கலாம். ஆனா ரூல்படி மூணுதான் கணக்கு.”

அவர் கையை இறக்கினார். “சரி தம்பி. ரூல்னா ரூல்தான்.” பொத்தானைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனார். திங்கட்கிழமை டாக்டரின் வைத்தியம் பலித்தது. நான் அன்று மதியம் இரண்டாவது தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். பசி வேறு, நீதி வேறு.

இனி சித்தப்பா. அப்பாவின் தம்பி. எங்கள் கட்டடத்திலேயே மூன்றாவது மாடியில் இருந்தார். முப்பத்தைந்து வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். கட்டடத்தின் லிஃப்ட் வேலை செய்தாலும் ஏற மாட்டார். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்தவன் ஏற மாட்டான் என்பார். சித்தி தன் மகள் வீட்டுக்குப் போய் எட்டு மாதம் ஆகியிருந்தது. “நானா, நாயா?” என்று கேட்டிருக்கிறாள். சித்தப்பா நாயைத்தான் சொல்லியிருப்பார் என்று நினைக்க வேண்டாம். யோசித்திருக்கிறார். அதுதான் தப்பாகிவிட்டது.

அந்த நாயின் பெயர் மேனேஜர். எந்த வேலையும் செய்யாமல், செய்கிறவர்களை மட்டும் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பதால் வந்த பெயர். இருபத்தெட்டு கிலோ. இப்போது அதற்கு உட்காருவதைத் தவிர வேறு எதுவும் முடியாமல் போயிருந்தது. முதுகுத்தண்டில் டிஸ்க் நழுவி, பின்பாதி அணைந்துவிட்டது. சித்தப்பா அதை வாரத்துக்கு மூன்று நாள், ஐம்பத்து நாலு படி தூக்கிக்கொண்டு இறங்குவார், தூக்கிக்கொண்டு ஏறுவார். அவருடைய முட்டி ஒவ்வொரு படிக்கும் ஒரு சத்தம் போடும். கீழே இருந்தே எத்தனையாவது படி என்று எண்ணிவிடலாம்.

ஆறாவது வாரத்துக்கு மூன்று வாரம் முன்னால் சித்தப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“டேய், உங்க அக்காகிட்ட கேட்டா பாசத்துல ரெண்டு வாரம் சேத்துச் சொல்லுவா. டாக்டர்கிட்ட கேட்டா என் மூஞ்சியப் பாத்துட்டுப் பதில் சொல்றார். நீ ஒருத்தன்தான்டா கல்நெஞ்சுக்காரன்.”

“நன்றி சித்தப்பா.”

“பாராட்டலடா, எருமை. கேளு. அது திரும்பிப் படுக்கிறப்ப ஒரு சத்தம் போடுது. வலியில போடுதா, என்னைக் கூப்பிடுதான்னு எனக்குத் தெரியல. நேத்து கால் அசைஞ்ச மாதிரி இருந்துச்சு. நிஜமாவே அசைஞ்சுதா, நான் அசைச்சுக்கிட்டேனான்னும் தெரியல. என் கண்ணை நானே நம்ப முடியாத நிலைமை. தேறாதுன்னா அதை ஒரு நாள்கூட இழுத்தடிக்கக் கூடாது. அது பாவம். என் இடுப்பும் பாவம்.”

“என்ன பண்ணணும்?”

“பத்து நின்னா வச்சுக்கறேன். நிக்கலைன்னா அங்கேர்ந்தே நேரா டாக்டர்கிட்ட. நீ சொல்றதுதான் முடிவு. எனக்காக ஒரு விநாடி கூட்டாதே, குறைக்காதே. செய்வியா?”

“அதுக்குத்தானே இருக்கேன்” என்றேன். ஒருவன் தன் சான்றிதழை வாங்கும்போது எப்படி நிற்பானோ அப்படி நின்றேன்.

அடுத்த சனிக்கிழமை தொட்டியின் மோட்டார் எரிந்துபோனது. வேலையில்லாமல் அக்கா முன் அறைக்கு வந்து நின்றாள். சோதனை நாளில் அவள் அங்கே வந்ததே இல்லை. டீச்சர் பட்டாணியை நிறுத்திக்கொண்டிருந்தார். அக்கா நாயைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தாள்.

“ரப்பர் பாய் எங்கடா?”

“மொட்டைமாடியில காயுது.”

“எப்பலேர்ந்து?”

“சனிக்கிழமை சனிக்கிழமை. வாரம் பூரா எல்லா நாயும் மேல ஒண்ணுக்குப் போய்வச்சு, வெள்ளிக்கிழமை ஆச்சுன்னா நாறுதுல்ல? அதனால சோதனை அன்னைக்குக் கழுவிக் காயப்போட்டுடுவேன். அதுவும் நல்லதுதான். தெருவுல என்ன ரப்பர் பாயா விரிச்சு வச்சிருக்கான்?”

அக்கா குனிந்து டைல்ஸை விரலால் தேய்த்துப் பார்த்தாள். பிறகு ரொம்ப அன்பாக, “செருப்பைக் கழட்டு” என்றாள். “சாக்ஸ் போட்டிருக்கியா? நல்லது. காலை அகட்டி நில்லு. இன்னும் கொஞ்சம்.”

நின்றேன். அவள் பக்கத்தில் வந்து என் இடுப்பில் ஒரே ஒரு விரலை வைத்துத் தள்ளினாள். என் கால்கள் இரண்டும் ஆளுக்கொரு திசையில் போயின. டைல்ஸில் முழங்கை அடித்தது. பட்டாணி ஆர்வமாக வந்து என் முகத்தை மோந்து பார்த்தான்.

“எத்தனை விநாடிடா?” என்றாள் அக்கா. “உனக்கு முதுகுத்தண்டெல்லாம் நல்லாத்தான் இருக்கு.”

பாயைக் கொண்டுவந்து விரித்தோம். பட்டாணி அதன் மேல் நின்றான். பத்து. இருபது. நாற்பத்தொன்றாவது விநாடியில் அவன் உட்கார்ந்தது பலவீனத்தால் அல்ல, சலிப்பால். டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். பிறகு கையை எடுத்துவிட்டு, “அப்ப போன வாரமெல்லாம் மூணு, ரெண்டுன்னு போட்டானே?” என்று கேட்டார்.

“அது தரைக்குப் போட்ட மார்க், டீச்சர்” என்றாள் அக்கா.

நோட்டை எடுத்துப் புரட்டினாள். பட்டாணியைத் தவிர, சிவப்பு மையில் இன்னும் பதினோரு நாய். பத்துப் பேருக்கு போன் செய்து வரவழைத்தாள். அந்த வாரத்திலேயே பத்தையும் பாயில் நிறுத்திப் பார்த்ததில் ஏழு நின்றன. பதினோராவதை வரவழைக்க முடியாது.

“பொத்தான் தொட்டியில நல்லா நடந்துச்சுடா” என்றாள். குரலில் கோபம் இல்லை. அதுதான் கேட்கச் சகிக்கவில்லை. “பாதம் மடிஞ்சா தானே திருப்பி வச்சுது. நானே பாத்தேன். நீ நோட்டுல நாலுன்னு எழுதியிருந்தியா, சரி, என் கண்ணுதான் ஆசையில பொய் சொல்லுதுன்னு நினைச்சுட்டேன். இவன் எழுதினா சரியா இருக்கும்னு நினைச்சேன்.”

நான் நோட்டை மூடி வைத்தேன்.

“போய் அவர்கிட்ட சொல்லிட்டு வா.”

“சொன்னா நாய் திரும்ப வருமா?”

“வராது. நீ போ.”

போனேன். தையல்காரர் பள்ளிச் சீருடைகளுக்கு நடுவே பாதி முங்கியிருந்தார். என்னைப் பார்த்ததும் மெஷினை நிறுத்தினார். மெஷினுக்குக் கீழே, கால்மிதிக்குப் பக்கத்தில், ஒரு நாய் சுருண்டு படுக்கிற அளவுக்கு இடத்தைத் துணிமூட்டை எதுவும் வைக்காமல் விட்டிருந்தார்.

“வா தம்பி, வா. உன்னைத்தான் நினைச்சுட்டே இருந்தேன். அன்னைக்கு உன் மேல கோவமான கோவம். இன்னொரு தடவைன்னு கேட்டேன், ரூலுன்னுட்டியே. அப்புறம் யோசிச்சேன். ஊர்ல எல்லாரும் தேறிடும் தேறிடும்னாங்க. நீ ஒருத்தன்தான் உள்ளதைச் சொன்னே. இல்லாட்டி நான் பாட்டுக்கு என் ஆசைக்கு அதை மாசக்கணக்குல சித்திரவதை பண்ணியிருப்பேன். அந்த ஒரு நினைப்புலதான் தம்பி எனக்குத் தூக்கமே வருது.”

நான் சொல்ல வந்த வாக்கியம் வாயில் தயாராக இருந்தது. எழுவாய், செயப்படுபொருள், பயனிலை எல்லாம் அதனதன் இடத்தில்.

“பேன்ட் நீளமா இருக்குண்ணே” என்றேன். “கீழ மடிச்சுத் தைக்கணும்.”

“அதுக்கென்ன, ஏறு” என்று ஒரு சின்ன முக்காலியைக் காட்டினார். ஏறினேன். அவர் என் காலடியில் மண்டியிட்டு, வாயில் குண்டூசிகளைக் கடித்துக்கொண்டு, ஒவ்வொன்றாகக் குத்தினார். வலது கால் முடிந்து இடது காலுக்கு வந்தபோது நிமிர்ந்து பார்த்தார்.

“ஆடாம நில்லு தம்பி.”

வீட்டுக்கு வந்ததும் அக்கா கேட்டாள். “சொன்னியா?”

“ம்.”

“என்ன சொன்னார்?”

“நன்றி சொன்னார்.”

சட்டப்படி பார்த்தால் இதில் எந்தச் சொல்லும் பொய்யில்லை. அந்த ‘ம்’ ஒரு சொல்லா என்பதைப் புலவர்கள் முடிவு செய்துகொள்ளட்டும்.

மேனேஜரின் ஆறாவது வாரச் சனிக்கிழமை வந்தது. ரப்பர் பாயை நானே காலையில் விரித்தேன். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு. ஓரங்களை டேப் போட்டு ஒட்டினேன். கையால் அழுத்தித் தேய்த்துப் பார்த்தேன், உள்ளங்கை எரிந்தது. இதற்கு மேல் தரையைக் குற்றம் சொல்ல முடியாது.

படியில் முட்டிச் சத்தம் கேட்டது. நாற்பதாவது படியில் நின்றது. நாற்பத்தொன்று வர வெகுநேரம் ஆனது. பிறகு மேனேஜரை அணைத்தபடி சித்தப்பா உள்ளே வந்தார். சட்டையை இஸ்திரி போட்டிருந்தார். இடுப்பில், சட்டைக்கு மேலேயே, மருந்துக்கடை பெல்ட். டாக்டரிடம் நேரம் வாங்கியாகிவிட்டது, பதினொன்றரைக்கு என்றார். கல்யாண மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுத்ததைச் சொல்வதுபோல் சொன்னார்.

“பழைய கதையெல்லாம் உங்க அக்கா சொன்னா” என்றார். “பாய் விரிச்சாச்சுல்ல?”

“ரெண்டு.”

“அப்ப சரி. முன்னாடி தரை ஏமாத்திடுச்சு. நீ ஏமாத்தல. இப்பவும் நீயே பாரு.” மேனேஜரைப் பாயில் இறக்கினார். “ஆனா ஒண்ணு. நான் நிறுத்தி வச்சா என் கை கேக்காது. தானா போயிடும். நீயே நிறுத்து. வாட்சை என்கிட்ட குடு. நான் அந்தப் பக்கம் திரும்பிக்கறேன். உக்காந்துடுச்சுன்னா சொல்லு, அமுக்கிடறேன்.”

வாட்சை வாங்கிக்கொண்டு போய், சுவரிலிருந்து ஒரு சாண் தூரத்தில், சுவரைப் பார்த்து நின்றார். வீட்டுப்பாடம் எழுதாத பையனைப்போல. உள் அறையில் புது மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அக்கா யாருடைய காலையோ தண்ணீருக்குள் எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள்.

மேனேஜரின் பின்னங்கால்களைச் சதுரமாக வைத்து, இடுப்பைத் தூக்கி, விட்டேன். “விட்டுட்டேன்” என்றேன். கால் வழுக்கவில்லை. ஒரு அங்குலம்கூட நகரவில்லை. முட்டியில் மடிந்தது. பாதம் திரும்பிப் புறங்காலால் பாயைத் தொட்டது. அதைச் சரி செய்ய மேனேஜருக்குத் தோன்றவில்லை. அப்படி ஒரு பாதம் தனக்கு இருப்பதே அதற்குத் தெரியவில்லை.

“உக்காந்துடுச்சு.”

“அஞ்சு” என்றார் சித்தப்பா சுவரிடம்.

இரண்டாவது தடவை நாலு. உட்காரும்போது அந்தச் சத்தத்தைப் போட்டது. வலியா, கூப்பிடுகிறதா என்று சித்தப்பாவுக்குத் தெரியாத சத்தம். பக்கத்தில் இருந்து கேட்டவனுக்குச் சந்தேகம் இல்லை. அது யாரையும் கூப்பிடவில்லை.

“நாலு. சரி. இதான் கடைசி.” சித்தப்பாவின் பின்கழுத்தில் ஷேவ் செய்த இடத்தில் ஒரு சின்ன ரத்தக்கீறல் காய்ந்திருந்தது. “நீ ரெடின்னா சொல்லு. இந்தத் தடவை நான் வாய்விட்டு எண்ணிக்கறேன்டா. சும்மா நிக்க முடியல.”

நிறுத்தினேன். “விட்டுட்டேன்.”

“ஒண்ணு” என்றார். “ரெண்டு. மூணு.”

நாலாவதில் இடுப்பு நடுங்கத் தொடங்கியது. அந்த நேரத்தில் நான் எதையும் யோசித்ததாக நினைவில்லை. பொத்தானையோ, தையல்காரரையோ நினைத்தேன் என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும்.

“அஞ்சு.”

மேனேஜரின் வயிறு சூடாக இருந்தது. மயிர் மழித்த இடத்தில் தோல் குழந்தையுடையதைப்போல வழவழவென்று இருந்தது. முதலில் இரண்டு விரல்தான்.

“ஆறு. ஏழு.”

இரண்டு விரல் போதவில்லை. உள்ளங்கையைக் கொடுத்தேன். மேனேஜர் படுக்க விரும்பியது. அதன் முழு உடம்பும் கீழே போகவேண்டும் என்று என் கையில் எழுதிக் காட்டியது. நான் மேலே தள்ளினேன். அது கழுத்தைத் திருப்பி, வேலை செய்கிறவனைப் பார்ப்பதுபோல், என் கையைப் பார்த்தது. பிறகு மறுபடியும் அந்தச் சத்தத்தைப் போட்டது.

“எட்டு.” சித்தப்பாவின் குரல் மாறியிருந்தது. “டேய், நிக்குதாடா?”

“நிக்குது.”

“ஒம்போது. கூப்பிடுதுடா அது. என்னைத்தான் கூப்பிடுது.” அவர் திரும்பவில்லை, சுவரில் நெற்றியை முட்டுக்கொடுத்துக்கொண்டார். “பத்து. பதினொண்ணு…”

நான் இன்னொரு கையையும் அடியில் கொடுத்தேன்.